மகாபாரத தாலியும் மண்பானைச் சக்துவும்

38 வருடங்களாகக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணச் சமையல் செய்து வருகிறேன். பந்தி முடிந்து கை கழுவிய கையோடு யாராவது கொட்டகைக்கு வந்து, "நளபாகம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைய புகை முழுவதும் மறந்துவிடும். அந்த நளன் யாருக்குச் சமைத்தான், என்ன சமைத்தான் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் மகாபாரதத்தைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. ராமாயணத்தையும் சேர்த்துக்கொண்டேன். எங்கெல்லாம் அடுப்பு வருகிறதோ அங்கெல்லாம் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்திருப்பேன்.

அதனால் இந்த ஏப்ரலில் பிரயாகை, ஹரித்துவார் முடித்து நானும் என் மனைவியும் குருக்ஷேத்திரத்தில் இறங்கியபோது, பிரம்ம சரோவரத்துக்குப் போகும் சாலையில் ஓர் உணவகத்தின் பலகை என்னை நிறுத்திவிட்டது. "மகாபாரத தாலி. பாண்டவர்கள் உண்ட அதே உணவு." தாலி என்றால் அந்தப் பக்கத்தில் கிண்ணங்கள் அடுக்கி வரும் தட்டுச் சாப்பாடு. சாதாரண தாலி 550 ரூபாய். பீம தாலி 900 ரூபாய். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினோம்.

உணவகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. உள்ளே அடுப்படியில் நிற்பவர்கள் கை நல்ல கை. என் வருத்தமெல்லாம் மேசையில் வைத்திருந்த அச்சடித்த அட்டையின் மேல்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அதில் ஒரு பெயர் போட்டிருந்தார்கள்: கர்ண ராஜ்மா, நள ஆலூ, அர்ஜுன பனீர், திரௌபதி கிச்சடி, சக்கர வியூகப் புலாவ், பீம பாயசம்.

நன்றாக இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திரௌபதி கிச்சடி மிக நன்றாக இருந்தது. பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு குழைய விட்டு, மிளகு, இஞ்சி, பெருங்காயம், மேலே நெய். அவ்வளவுதான். பருப்பு கரைந்தும் கரையாமலும் நிற்கிற அந்தப் பதம் எளிதில் வராது. பழைய நூல்களில் 'கிருசரம்' என்று ஓர் உணவு வருகிறது. அரிசியோடு எள்ளோ பயறோ சேர்த்து வேகவைத்தது. கிச்சடி என்ற பெயரே அதன் வழியில் வந்ததுதான். அந்தக் கிண்ணத்துக்குத் திரௌபதியின் பெயர் வைத்ததில் எனக்கு மறுப்பே இல்லை.

பாயசமும் அப்படியே. பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதி உடைத்த அரிசியைப் போட்டு, குங்குமப்பூ, முந்திரி என்று எதையும் கொட்டாமல் விட்டிருந்தார்கள். இரண்டு இதிகாசங்களிலும் ஓயாமல் வரும் இனிப்பு பாயசம்தான். தசரதன் வேள்வியில் வந்த பாயசத்தை வால்மீகி பங்கு போட்ட கணக்கு எனக்கு மனப்பாடம். கோசலைக்குப் பாதி. மிச்சத்தில் பாதி சுமித்திரைக்கு. அதிலும் மிச்சத்தில் பாதி கைகேயிக்கு. கடைசியாக நின்ற அரைக்கால் பங்கை தசரதன் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் சுமித்திரைக்கே கொடுக்கிறான். கரண்டி பிடித்துப் பரிமாறியவன் எவனும் அந்த யோசனையை மறக்க மாட்டான். பந்தியில் கடைசி இலைக்கு வரும்போது அதே யோசனையில் நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு வைத்தார்கள். அட்டையில் அதற்கு எந்தப் புராணப் பெயரும் இல்லை. இனிப்பு என்று மட்டும் போட்டிருந்தது. அந்தத் தட்டில் இதிகாசத்துக்கு மிக நெருக்கமான பண்டம் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பரத்வாஜர் பரதனின் படைக்கு விருந்து வைக்கிறாரே, அதில் 'ரசாலம்' என்று வருகிறது. தயிரில் சர்க்கரையும் மணப்பொருளும் சேர்த்துக் கடைந்தது. மடு மடுவாக ரசாலமும் வெள்ளைத் தயிரும் பாயசமும் நிறைந்திருந்தன, சர்க்கரை குவியலாகக் கிடந்தது என்று வால்மீகி எழுதுகிறார். கிணறுகளில் சேறு இருக்க வேண்டிய இடத்தில் பாயசமாம்.

இந்த விருந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நான்கு நாள் முன்பு பிரயாகையில், பரத்வாஜர் ஆசிரமம் என்று காட்டும் இடத்தில், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படையே வந்து நிற்கிறது. ஒரே இரவில் அத்தனை பேருக்கும் பந்தி. சோற்றையும் கறியையும் சொல்லிவிட்டு வால்மீகி நிறுத்தவில்லை. பல் துலக்கக் குச்சிகள் கட்டுக் கட்டாக, அரைத்த சந்தனம், கண்ணாடிகள், சீப்புகள், செருப்புகள், குளிக்கத் துறைகள், குதிரைக்கும் யானைக்கும் அதனதன் தீனி. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் சத்திரத்தில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டுமோ அவ்வளவும் அதில் இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு பெரிய பந்தியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதே விருந்தில் குளங்கள் நிறைய மைரேயம் என்ற மது இருந்தது. மான், மயில், கோழி இறைச்சி சுடச்சுடக் குவிந்திருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். ராஜ்மா, உருளைக்கிழங்கு, தக்காளி, புலாவில் தூவியிருந்த மக்காச்சோள மணிகள், எல்லாவற்றிலும் மிதந்த மிளகாய்த் தூள். இந்த ஐந்தும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, ஐரோப்பியர்களின் கப்பல் வழியாக இந்த மண்ணுக்கு வந்தவை. கர்ணன் ராஜ்மாவைக் கண்டிருக்க வழியில்லை. நளன் உருளைக்கிழங்கைத் தோலுரித்திருக்க வழியில்லை. தமிழ்க்காரனுக்கு இதற்குத் தனியாகச் சரித்திரப் புத்தகம் வேண்டாம். மிளகுபோல் காரமாக ஒரு காய் வந்தது, 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். நம் வாயிலேயே அது பின்னால் வந்த சரக்கு என்று பதிந்திருக்கிறது. அதற்கு முன் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி.

ஆலூவும் ராஜ்மாவும் ருசியாகத்தான் இருந்தன. ராஜ்மா என்றே விற்றிருந்தால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டு வந்திருப்பேன். 'அதே உணவு' என்று எழுதிவிட்டு அதைப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு தகப்பனார் தன் பெண் குழந்தைக்கு, "இதைத்தான் கர்ணன் சாப்பிட்டான்" என்று அந்த அட்டையைப் பார்த்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை அதை நம்பியது. எனக்கு அந்தக் கவளம் தொண்டையில் நின்றது.

சக்கர வியூகப் புலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோற்றைச் சுருள் சுருளாகச் சுற்றி நடுவில் ஒரு முந்திரியை நட்டு வைத்திருந்தார்கள். அந்த முந்திரிதான் அபிமன்யு. அபிமன்யுவின் பெயரைத் தாங்கிய அமீன் கிராமம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். 16 வயதுப் பிள்ளையைப் பலர் சூழ்ந்து கொன்ற வியூகத்தைச் சோற்றில் வரைந்து வைக்க எந்தச் சமையல்காரனுக்கும் கை வரக் கூடாது. என் மனைவி அந்தப் பக்கம் விரல் வைக்கவே இல்லை. "எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். பரிமாறிய பையன் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், அதற்குப் பதிலாக இன்னொரு கிண்ணம் கிச்சடி கொண்டுவந்து வைத்தான். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

பீம தாலி என்பது அதே பண்டங்கள், கொஞ்சம் பெரிய கிண்ணத்தில். பாயசம் மட்டும் இரண்டு கரண்டி கூட. குந்தி போட்ட பங்கு இதுவல்ல. ஏகசக்கரம் என்ற ஊரில் பிச்சை எடுத்து வந்த உணவில் சரிபாதி பீமனுக்கு. மறு பாதியைத்தான் மற்ற நால்வரும் தாயும் பிரித்துக்கொண்டார்கள். திரௌபதி மருமகளாக வந்த முதல் இரவிலும் குந்தி அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் வேலை இந்தப் பங்குதான். பாதியைப் பீமனுக்கு வை, மீதியை ஆறாக்கு என்கிறாள். அப்போது அவர்கள் குயவன் வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள். அரச குலத்து மாமியார், புது மருமகள், மண் தரை, பிச்சைச் சோறு. பாரதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பந்தி அது. 900 ரூபாய்க்குப் பீமன் பெயரைச் சொல்கிறவர்கள் ஒரு சட்டி சாதமாவது கூட வைத்திருக்கலாம்.

சாப்பிட்டு முடித்த பின் மேலாளர் வந்து எப்படி இருந்தது என்று கேட்டார். டில்லிப் பக்கம் நம்மவர் கல்யாணங்களுக்குப் போய் வந்ததில் எனக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும். "யவம் எங்கே?" என்று கேட்டேன். யவம் என்றால் பார்லி. அங்கே ஜௌ என்கிறார்கள். வேத காலம் தொட்டு நெல்லோடு சமமாக நின்ற தானியம். இந்த ஊர் வயல்களில் நேற்றுவரை அறுத்துக்கொண்டிருந்ததை ரயிலிலிருந்து பார்த்தேன்.

"ஜௌவை யார் கேட்கிறார்கள் அங்கிள்ஜி? மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது, பீர் கம்பெனிக்குப் போகிறது" என்றார். பிறகு, "எங்கள் தாலி முழுக்கச் சாத்விகம். பாண்டவர்கள் மாமிசமே தொட்டதில்லை. அதைத்தான் நாங்கள் காட்டுகிறோம்" என்றார்.

நான் சைவம். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல்தான் என் தொழில். தீர்த்தத் தலத்தில் ஓர் உணவகம் மாமிசம் போடாமல் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் சொன்னது உண்மையில்லை. வனவாசத்தில் சூரியன் தர்மனுக்குக் கொடுத்த செப்புப் பாத்திரம் என்னென்ன தந்தது என்று வனபர்வமே சொல்கிறது: பழம், கிழங்கு, இறைச்சி, கீரை. பாஞ்சாலி உண்டு முடிக்கும்வரை நான்கும் குறையாது. மயன் கட்டிய சபைக்குள் குடிபுகுந்த நாளில் தர்மன் அந்தணர்களுக்கு வைத்த விருந்தில் நெய்யும் தேனும் கலந்த பாயசத்தோடு பன்றி, மான் இறைச்சியும் இருந்தது.

என் நளன் கதைக்கு வருகிறேன். உருவம் மாறிப் பாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக வந்திருப்பவன் தன் கணவன்தானா என்று தமயந்திக்குச் சந்தேகம். தோழி கேசினியை உளவு பார்க்க அனுப்புகிறாள். அவன் பார்த்த மாத்திரத்தில் வெறும் குடம் நிறைகிறது, புல்லை நீட்டினால் தீப்பிடிக்கிறது என்று கேசினி வந்து சொல்கிறாள். அப்போதும் தமயந்திக்கு மனம் ஒப்பவில்லை. அவன் சமைத்த இறைச்சியில் ஒரு துண்டு கொண்டு வா என்கிறாள். வாயில் போட்டவுடன் தெரிந்துவிடுகிறது. அழுதுவிடுகிறாள். அந்த ருசியை நளனுக்கு வரமாகக் கொடுத்தவன் யமன். இதை முதல் முறை படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை நளபாகம் என்று சொன்ன அத்தனை பேர் சாப்பிட்டதும் கத்தரிக்காய்ப் பிட்லையும் சேனை வறுவலும். நளபாகத்தின் அடையாளமோ ஒரு மாமிசத் துண்டு. அதனால் எனக்கு நளன் மேல் மதிப்புக் குறையவில்லை. என் சைவத்தின் மேலும் குறையவில்லை. அதே பாரதத்தில்தான் அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், புலால் உண்ணாமையின் பெருமையை அத்தியாயம் அத்தியாயமாகத் தர்மனுக்குச் சொல்கிறார். அந்தப் பக்கத்தை எடுத்து அட்டையில் போட்டு, "பீஷ்மர் சொன்னபடி" என்று விற்றால் நான் கை தட்டுவேன். அதை மேலாளரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். அவர் பொறுமையாகக் கேட்டதற்கும் கிச்சடிக்கும் சேர்த்து, ஐந்துக்கு இரண்டரை.

வெயில் கொளுத்தியது. சன்னிஹித சரோவரம் பக்கம் நடந்தோம். ஒரு வேப்ப மரத்தடியில் பெரிய மண்பானை, ஈரத் துணி சுற்றி. பக்கத்தில் ஒரு மூதாட்டி, எழுபதைத் தாண்டியவர். பலகை கிடையாது. தகர டப்பாவில் மாவு, இன்னொன்றில் நாட்டுச் சர்க்கரை. எல்லோரும் அவரைத் 'தாயி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பெரியம்மாவை அப்படித்தான் அழைப்பார்களாம். எனக்கு அது நேரே தாய் என்றே காதில் விழுந்தது.

"என்ன மாவு, தாயி?"

"ஜௌ சத்து, பேட்டா. உட்கார்."

ஜௌ சத்து. யவத்தின் சக்து. நம் ஊர்ச் சத்துமாவின் பெயரிலும் அந்தச் சக்துதான் உட்கார்ந்திருக்கிறது. வறுத்த தானியத்தின் மாவு; அடுப்பு மூட்டாமல் நீரில் கரைத்தால் சாப்பாடு.

அவர் செய்த விதத்தைக் கவனித்தேன். பித்தளைக் குவளையில் மூன்று கை மாவு. பானைத் தண்ணீர் கொஞ்சமாக விட்டு, விரலாலேயே முதலில் கட்டியில்லாமல் குழைத்தார். அதன் பிறகுதான் சர்க்கரை. அதன் பிறகு மீதித் தண்ணீரை மேலேயிருந்து விட்டுக் கலக்கினார். முதலிலேயே முழு நீரையும் கொட்டியிருந்தால் மாவு கட்டி தட்டும். 30 ரூபாய்.

வாயில் வைத்ததும் வருவது வறுத்த வாசம். சூடான மணலில் போட்டுப் பொரித்த தானியத்துக்கு மட்டும் வரும் வாசம் அது. பொரிகடலைக்காரரின் சட்டி பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பிறகு மெல்லிய கசப்பு, அதன் மேல் சர்க்கரை. உமி முழுவதும் போகாததால் தொண்டையில் லேசாக உராயும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குடிப்பதா, மெல்லுவதா என்று இரண்டும் செய்துகொண்டே குடிக்க வேண்டியிருக்கிறது. பால் போன்ற அந்த நிறத்தைப் பார்த்தபோது அசுவத்தாமன் நினைவு வந்தது. துரோணர் வறுமையில் இருந்த நாளில் மற்றப் பிள்ளைகள் மாவு கரைத்த நீரைக் கொடுக்க, அதைப் பால் என்று நம்பிக் குடித்துவிட்டுக் கூத்தாடினானே, அந்தக் குழந்தை.

இந்த ஊர் மண்ணோடு சேர்ந்த கதை வேறொன்று. போரெல்லாம் ஓய்ந்து தர்மன் அசுவமேதம் செய்து முடிக்கிறான். ஊரே புகழ்கிறது. ஒரு பக்கம் பொன்னிறமான கீரிப்பிள்ளை ஒன்று வந்து, குருக்ஷேத்திரத்து ஏழை அந்தணன் கொடுத்த ஒரு பிரஸ்தம் (பழைய அளவு) சக்துவுக்கு இந்த வேள்வி ஈடாகாது என்கிறது. பஞ்ச காலம். வயலில் சிந்திய யவத்தைப் பொறுக்கி வந்து, வறுத்து மாவாக்கி, அவன், மனைவி, மகன், மருமகள் நால்வரும் பங்கிட்டு உண்ண உட்காரும்போது விருந்தாளி வருகிறான். அந்தணன் தன் பங்கைக் கொடுக்கிறான். விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை. மனைவி கொடுக்கிறாள், மகன் கொடுக்கிறான், மருமகளும் கொடுத்துவிடுகிறாள். அந்த இடத்தில் சிந்திய மாவில் புரண்டுதான் கீரிக்குப் பாதி உடம்பு பொன்னாயிற்று. மறு பாதி ஆகுமா என்று தர்மனின் வேள்விச் சாலையில் வந்து புரண்டு பார்க்கிறது, ஆகவில்லை.

இந்தக் கதை தெரியுமா என்று தாயியிடம் கேட்டேன். "கீரி கதை தெரியாமல் இங்கே சத்து விற்க முடியுமா?" என்றார். என் மனைவி குடித்து முடித்த குவளையை நீட்டியபோது, கேட்காமலே இன்னும் அரைக் குவளை கலந்து ஊற்றினார். காசு நீட்டினேன். அது கணக்கில் இல்லை என்று கையை விலக்கிவிட்டார்.

கம்பன் பாட்டில் குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நிற்பான். இராமன் அதை உண்பதில்லை. ஆனாலும் அன்போடு கொண்டுவந்தது அமுதத்தைவிடச் சிறந்தது, நாங்கள் உண்டதற்குச் சமம் என்று சிரித்த முகமாகச் சொல்லி அவன் மனத்தை நிறைத்துவிடுவான். வால்மீகியிலோ, குகன் கொண்டுவந்த விருந்தில் குதிரைகளுக்குத் தீனியை மட்டும் ஏற்றுக்கொள்கிறான். எனக்கு அன்று மறுக்க ஒரு காரணமும் இல்லை. அரைக் குவளையையும் நாங்கள் இருவருமாகக் குடித்தோம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தாயி காலை பத்து மணிக்கு மேல் வருகிறார், மாவு தீரும்வரை இருக்கிறார். நாங்கள் போனது மூன்று மணிக்கு, டப்பாவில் அடி தெரிந்தது. வெயில் காலத்தில் மட்டும்தான். உப்பும் வறுத்த சீரகமும் போட்டும் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் மோர் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் யோசனை; அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கிலோ 140 ரூபாய்க்கு மாவும் தருகிறார். நான் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். நம் ஊர் ஈரக் காற்றில் வண்டு வைத்துவிடும். வந்தவுடன் ஒரு முறை வெறும் வாணலியில் சூடு காட்டி, ஆறவிட்டு, இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். போன வாரம் சுவாமிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். விடியற்காலை அடுப்பு மூட்டும் முன் என் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குவளை கரைத்துக் கொடுத்தேன். பதினொரு மணி பந்திவரை ஒருவனும் பசி என்று சொல்லவில்லை. தேங்காய் துருவுகிற பையன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.